ரத்தத்தில் என்ன இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன்பு சுங்கைப்பட்டாணியில் நண்பர்கள் சிலர் கூடி ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். புதிதாக எழுத வந்திருக்கும் ஒருவருடைய கதை. தோட்டத்தில் குடித்தே அழிந்த தாத்தா, டவுனுக்கு வந்து குடித்தே அழிந்துகொண்டிருக்கும் அப்பா, கடைசிப் பத்தியில் முதல் பியர் டின்னைத் திறக்கும் மகன். டின் திறக்கும் சத்தத்தோடு கதை முடிந்துவிடும். மொழி நன்றாக இருந்தது. லயத்து வீட்டின் வாசலில் தாத்தா உட்கார்ந்திருக்கும் சித்திரம் மனதில் நின்றது.

மூத்த வாசகர் ஒருவர், "இதுக்கு மேல என்னங்க சொல்ல இருக்கு? குடி நம்ம ரத்தத்துலயே ஊறிப்போச்சு" என்றார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர், "ரத்தம் இல்லண்ணே, ஜீன்" என்று திருத்தினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதோடு அந்தக் கதையைப் பற்றிய பேச்சு முடிந்தது. அடுத்த கதைக்குப் போய்விட்டோம்.

வீடு திரும்பும் வழியில்தான் உறுத்த ஆரம்பித்தது. மூன்று தலைமுறை அழிந்த கதை ஒன்றை ஒரே சொல்லில் மூடிவிட்டு எழுந்து வந்திருக்கிறோம். அதன் பிறகு அந்தச் சொல்லைக் கவனிக்கத் தொடங்கினேன். எங்கும் இருந்தது. மதிப்புரைகளில், முன்னுரைகளில், நூல் வெளியீட்டு மேடைகளில். 'தோட்டத்து மரபணு', 'அடிமை மனம் நம் டிஎன்ஏவில் பதிந்தது', 'கூலி ரத்தம்'. எழுதுகிறவர்கள் யாரும் இனவாதிகள் இல்லை. தோட்டத்து மக்கள்மேல் உண்மையான பரிவு உள்ளவர்கள்தான். ஆனால் நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரை தன் கடிதத்தில் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம் இது. அதை நாமே, நம்மைப் பற்றி, பரிவோடு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உருவகம்தானே, ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். 'ரத்தத்தில் ஊறியது' உருவகம்தான். 'ஜீன்' என்று மாற்றிய உடனே அது அறிவியல் வேடம் போட்டுக்கொள்கிறது. அறிவியல் பேரைச் சொல்வதென்றால் அந்த அறிவியல் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாமே. பார்த்தால், நம் கதைகளை நாம் எவ்வளவு பாதியில் நிறுத்திவிடுகிறோம் என்று தெரியும்.

ஒரே பிரதி, பல வாசிப்பு

ரத்தத்திலிருந்தே தொடங்கலாம். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் அணுக்கள் முதிர்ந்து ஓட்டத்துக்கு வரும்போது தங்கள் உட்கருவை வெளியே தள்ளிவிடுகின்றன. அவற்றில் டிஎன்ஏ கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஆக்சிஜனைச் சுமப்பதற்காக வீட்டைக் காலி செய்துகொண்ட அணுக்கள் அவை. ரத்தத்தில் பரம்பரைத் தகவலைத் தேடுகிறவர் வெள்ளணுக்களிடம்தான் போக வேண்டும். பரம்பரையைச் சொல்ல நாம் தேர்ந்துகொண்ட அந்தச் சிவப்பில் பரம்பரை எழுதப்படவே இல்லை.

மற்ற உயிரணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. கல்லீரல் அணுவிலும் கண்ணின் விழித்திரை அணுவிலும் இருப்பது ஒரே பிரதி. ஆனால் கல்லீரல் படிக்கும் பக்கங்களைக் கண் படிப்பதில்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எத்தனை நகல் எடுப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் அணுவின் நிலையைப் பொறுத்தது. என்ன சாப்பாடு வந்தது, எந்த ஹார்மோன் வந்து தட்டியது, எந்த விஷம் உள்ளே நுழைந்தது என்று பார்த்துத்தான் அணு வாசிக்கிறது. டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ நகல்; நகலைப் படித்து ரைபோசோம் கோக்கும் புரதம்; அந்தப் புரதம்தான் வேலையைச் செய்யும். இலக்கிய வாசகர்களுக்கு இதைப் புரியவைக்க உவமை தேட வேண்டியதில்லை. பிரதி தானாக எதையும் செய்வதில்லை, வாசிக்கப்பட வேண்டும் என்பது நமக்குப் பழகிய விஷயம்.

அடுத்தது சக்தி. சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸ் அணுவுக்குள் பாதியாக உடைந்து பைருவேட் ஆகிறது. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து மேலும் உடைகிறது. உடையும்போது கிடைக்கும் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. அந்தப் பயணத்தில் பிறக்கும் சக்தியை ஏடிபி என்ற மூலக்கூறாக அணு சேமித்துக்கொள்கிறது. எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் கடைசி நொதிக்கு சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்று பெயர். நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு அந்த ஒரு படிக்காகத்தான்.

இவ்வளவு தெரிந்தால் போதும். இனி கெடாவுக்கு வரலாம்.

புழுங்கல் அரிசியும் வெள்ளை அரிசியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் மருத்துவமனைகளை நிரப்பிய நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் பலவீனமாகி ஆள் இறந்துவிடுவார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அபூர்வமாகவே வந்தது. ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. ஒரு கூட்டத்துக்கு வருகிறது, இன்னொரு கூட்டத்துக்கு வரவில்லை. இன்றைக்கு என்றால் நம்மில் ஒருவர் நிச்சயம் சொல்லியிருப்பார்: "தமிழன் ஜீன் ஸ்ட்ராங்."

பிராடன் என்ற மருத்துவர் சமையலறையைப் பார்த்தார். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. இதை வைத்து அவர் 1907 இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்குச் சற்று முன்பு கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் இன்னொரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும் கொடுத்துப் பார்த்திருந்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதையே செய்தார்கள். தீட்டிய அரிசி சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. அரிசியை மாற்றினால் நின்றது. அவர்களுடைய அறிக்கை 1909 இல் வந்தது. மனிதர்களை இப்படிச் சோதனைப் பொருளாக்கியது பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் கிடைத்த விடை உறுதியானது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன் பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவின் வழிக்குள் நுழையத் தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் வயிறு நிறையச் சோறு இருந்தும் அணு பட்டினி கிடக்கும். சக்தி அதிகம் தேவைப்படும் நரம்பும் இதயமும் முதலில் விழும். தஞ்சாவூரிலும் சேலத்திலும் பெண்கள் நெல் அவித்த பழக்கம் கப்பலேறி வந்து கெடாவில் ஒரு தலைமுறையைக் காப்பாற்றியிருக்கிறது. அது மரபுதான். மரபணு இல்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது 1942க்குப் பிறகு தெரிந்தது. அதே தோட்டங்களிலிருந்து அதே தமிழர்களை ஜப்பானியர் சயாமுக்கு ஏற்றிச் சென்றார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை. முகாமில் கொடுத்தது தீட்டிய வெள்ளை அரிசி. காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலில் அழுகும் புண் ஆகியவற்றோடு பெரிபெரியும் சேர்ந்துகொண்டது. அங்கே இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உடம்பு அதேதான், மரபணு அதேதான். அரிசி மாறியது, அரிசியைக் கொடுத்த கை மாறியது.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', சுங்கைப்பட்டாணிக்காரரான கோ. புண்ணியவானின் 'கையறு' என்று இந்த வரலாற்றை மலேசியத் தமிழ் நாவல் திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறது. பாடநூல் விட்டுவிட்டதை நாவல்கள் எடுத்துக்கொண்டன. அதற்காக அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இந்த நாவல்களைப் பேசும்போது நாம் 'தமிழனின் தாங்கும் சக்தி' என்ற சொல்லுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறோம் என்று பாருங்கள். தாங்கும் சக்தி எங்கிருந்து வந்தது, எப்போது தீர்ந்தது என்று கேட்பதில்லை. உடல் தன்னிடம் வைத்திருக்கும் தயமின் சில வாரங்களுக்குத்தான் வரும். அதன் பிறகு வீரனுக்கும் கோழைக்கும் கால் ஒரே மாதிரிதான் வீங்கும். அந்தச் சில வாரங்கள் என்ற கணக்கு எந்தப் புகழுரையைவிடவும் எனக்குத் துயரமாக இருக்கிறது.

மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய மாநிலம் கெடா என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

லூனாஸ், 1981

குடிக்கு வருகிறேன். 1981 இல் லூனாஸ் வட்டாரத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். லூனாஸில் பிறந்த ம. நவீன் அந்தச் சாவுகளைப் பின்னணியாக வைத்து 'பேய்ச்சி' நாவலை எழுதினார். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்தது. அப்போது நடந்த விவாதங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எந்த வசை ஆபாசம், எது இல்லை என்று மாதக்கணக்கில் பேசினோம். ஆபாசத்தைப் பற்றிய அந்தப் பேச்சில் செத்தவர்கள் காணாமல் போனார்கள்.

விஷச் சாராயச் சாவுகளில் பெரும்பாலும் கொல்வது மெத்தனால். வழக்கமான சாராயத்தில் இருப்பது எத்தனால். வாசனையிலும் ருசியிலும் குடிக்கிறவருக்கு இரண்டையும் பிரித்தறிய முடியாது. குடித்த இரவில் சாதாரணப் போதைதான். மறுநாள் காலையில் ஒருவர் எழுந்து பெரட்டுக்கும் போய்விடலாம். பாதி நாளிலோ ஒரு நாளிலோ தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு. பிறகு கண் முன்னால் வெள்ளையாகப் பனி படர்ந்ததுபோல ஆகிவிடும்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் கல்லீரல். மெத்தனால் நேராகக் கொல்வதில்லை. கல்லீரலின் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம்தான் கொல்கிறது. மேலே சொன்ன சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற கடைசிப் படியில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். காற்று இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, அணுவால் அதைப் பயன்படுத்த முடியாது. பார்வை நரம்பும் விழித்திரையும் சக்தி குறைந்தால் தாங்காதவை என்பதால் கண் முதலில் போகிறது.

ஃபார்மிக் அமிலம். தோட்டத்தில் வளர்ந்த யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஆலையில் ரப்பர் பாலை உறைய வைக்கத் தண்ணீரில் கலந்து ஊற்றும் ஆசிட் அதுதான். கை பட்டால் தோல் எரியும், மூக்கில் ஏறும், ஒரு நாள் முழுக்கப் பாலோடு நின்றவர் சட்டையில் அந்த நெடிதான் இருக்கும். பகலில் தட்டில் பாலை உறைய வைத்த அதே பொருளை ராத்திரியில் அவருடைய கல்லீரல் அவருக்குள்ளேயே தயாரித்திருக்கிறது. நாவலாசிரியர்கள் யாராவது இதை எழுதியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எழுதவில்லை என்றால் எழுதுங்கள். இதில் ஒரு சொல்லைக்கூட நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மெத்தனாலை மாற்றும் அதே நொதிதான் எத்தனாலையும் மாற்றுகிறது. இரண்டும் வந்தால் எத்தனாலைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மருத்துவமனையில் மெத்தனால் விஷத்துக்கு எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. ஒரே இடத்தில் குடித்தவர்களில், நல்ல சாராயமும் சேர்த்து நிறையக் குடித்தவர் தப்பித்து, விஷத்தை மட்டும் கொஞ்சம் குடித்தவர் போய்ச் சேரக்கூடும். லயத்தில் இதற்குப் பெயர் விதி. ஃபார்மிக் அமிலத்தை உடம்பிலிருந்து அகற்ற ஃபோலேட் என்ற வைட்டமின் தேவை. அது கீரையிலும் பயறிலும் இருக்கிறது. ஃபோலேட் குறைந்த குரங்குகள் மெத்தனாலுக்கு எளிதில் பலியாவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தொடர்ந்து குடிக்கிறவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் ஃபோலேட் குறைவாகத்தான் இருக்கும். அப்படியென்றால் ஒருவர் பிழைத்தாரா இல்லையா என்பதில் அவர் வீட்டில் முந்தின வாரம் முருங்கைக்கீரை ஆய்ந்தார்களா என்பதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

அந்தக் கடைசி நொதி பல புரதத் துண்டுகளால் ஆனது. அவற்றில் மூன்றுக்கான மரபணு உட்கருவில் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் இருக்கிறது. மொத்தம் 37 மரபணுக்களே கொண்ட அந்தச் சின்ன டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும்தான் வரும். 'பேய்ச்சி' என்று தலைப்பிலேயே ஒரு தாய்த் தெய்வத்தை வைத்திருக்கும் நாவலைப் பற்றி எழுதும்போது இதை இழுத்து ஓர் உருவகமாக்கிவிட ஆசை வருகிறது. ஆனால் அதைச் செய்தால் நான் குறை சொல்லும் காரியத்தையே நானும் செய்தவனாவேன். தகவலாக மட்டும் வைத்துவிட்டு நகர்கிறேன்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் நேப்பாளிகள், வங்காளதேசிகள், மியன்மார்காரர்கள் பலர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக எந்த ரத்தமும் இல்லை. பொதுவாக இருந்தது மலிவான பாட்டிலும், அதை விற்றவரும், விற்க விட்டவரும்.

ஜீன் என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருக்கிறது. நேர்மையாகப் பேச வேண்டும். எத்தனால் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு ஆகும். பிறகு இன்னொரு நொதி அதை முறிக்கும். சீனர், ஜப்பானியர், கொரியரில் கணிசமானவர்களுக்கு அந்த இரண்டாவது நொதி மரபணு வேறுபாட்டால் சரியாக வேலை செய்வதில்லை. ஒரு கிளாஸ் பியருக்கே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துவிடும். அவர்கள் குடிக்கு அடிமையாவது குறைவு. இந்த வேறுபாடு தென்னிந்தியரிடம் அரிது. இரட்டையர்களையும் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளும், குடிநோய்க்கு ஆளாவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் பாதியை மரபணு வேறுபாடு விளக்கும் என்கின்றன.

இந்த 'பாதி'யைத்தான் நாம் தப்பாகப் படிக்கிறோம். ஒரே சூழலில் வாழும் கூட்டத்துக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பற்றியது அந்தக் கணக்கு. ஒரு கூட்டம் முழுவதும் ஏன் குடித்தது என்பதற்கு அது பதிலே இல்லை. அதற்குப் பதில் வேண்டுமென்றால் தோட்டத்தின் கள்ளுக்கடையைப் பார்க்க வேண்டும். சம்பளம் கொடுத்த தோட்டத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதி அந்த வழியாகவே திரும்பிப் போனது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. கெடாவிலேயே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படை இருந்தது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் அவர்கள் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டபோது போலீஸ் புகுந்து அடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார்.

'குடி நம் ரத்தத்தில் ஊறியது' என்று நாம் பேசிக்கொண்டிருந்த அறையிலிருந்து பீடோங் காரில் கால் மணி நேரம்கூட இல்லை. குடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக ஒருவர் செத்த ஊர். அவருக்கும் அதே ரத்தம்தானே?

மரபணு ஆண்ட இடம்

தோட்டத்தில் மரபணு உண்மையிலேயே ஆட்சி செய்த இடம் ஒன்று உண்டு. அது மரம். 1877 இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளின் வாரிசுகள்தான் மலாயா ரப்பரின் பெரும்பகுதி. பிறகு ஒட்டுக்கட்டும் முறை வந்தது. அதிகம் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டிவிட்டால், ஒட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் அந்தத் தாய் மரத்தின் நகல். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று ஒரு ரகத்தை நட்டால் மலை முழுக்க ஒரே மரபணுதான் நிற்கும்.

அப்படியும் ஒரு நெரையில் எல்லா மரமும் ஒரே அளவு பால் கொடுத்ததா? வெட்டியவர்களைக் கேளுங்கள். சரிவில் நிற்கும் மரம் வேறு, ஓடைப் பக்கத்து மரம் வேறு. யார் உளி வெட்டியது என்பது வேறு. மரத்தின் உள்ளழுத்தம் விடியும் முன்புதான் அதிகம் என்பதால்தான் இருட்டிலேயே விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். நகலெடுத்த மரத்துக்கே இந்தக் கதை என்றால் மனிதர்களைப் பற்றி என்ன சொல்ல?

வெட்டில் வடிவது மரத்தின் சாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பால் குழாய் என்பதே உயிரணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டான குழாய். மங்கில் சொட்டுவது அந்த அணுக்களின் உள்ளடக்கம். உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் சுவரை ஒட்டித் தங்கிவிடுகின்றன, வெளியே வருவதில்லை. எழுத்தும் அடுப்பும் உள்ளே மிஞ்சுவதால், இலையிலிருந்து இறங்கும் சர்க்கரையை எடுத்து இரண்டு மூன்று நாளில் மரம் பாலை மறுபடி ஊற வைத்துவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. பேராசைப்பட்டு அதிகம் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். மரத்துக்கு ஓய்வுநாள் எத்தனை என்று தோட்டத்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. வெட்டியவர்களுக்கான கணக்கை அப்படி யாரும் போடவில்லை.

என்ன கேட்கலாம்

நமக்கு ஏன் ரத்தம் என்ற ஒரு சொல் மட்டும் கையில் இருக்கிறது என்று யோசித்தேன். ஒரு காரணம் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. உயிரணு பாடத்தில் வரும் வயதில் நாம் இடைநிலைப் பள்ளியில் இருக்கிறோம். அது 'செல்', 'மிட்டோகோன்ட்ரியா', 'ரெஸ்பிராசி' என்று மலாயில் வருகிறது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். கதை எழுதும் தமிழுக்குள் அது வந்து சேர்வதே இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'கலம்', 'இழைமணி' என்று தமிழில் படிக்கிறது. நமக்கு உடம்பைப் பற்றித் தமிழில் கிடைத்தது பாட்டி சொன்ன சூடு, குளிர்ச்சி, ரத்தம். அவை மோசமான சொற்கள் இல்லை. ஆனால் அவை மட்டும் போதாது.

கதைக்குள் மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் முதல் ஆளாக நானே திட்டுவேன். விமர்சகர்களாக நாம் கேட்கும் கேள்வி மாற வேண்டும் என்கிறேன். அணுவைப் பற்றி யோசித்தால் கேள்விகள் தானாகவே பொருளின் பக்கம் வரும். சட்டியில் என்ன இருந்தது? பாட்டிலில் என்ன இருந்தது? யார் ஊற்றினார்கள், யார் விற்றார்கள்? மறுநாள் காலையில் அவர் எத்தனை மரம் வெட்டினார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும் கதையில் மனிதர்கள் இருப்பார்கள். 'ஜீன்' என்று முடியும் கதையில் மாதிரிகள்தான் இருப்பார்கள்.

அந்தச் சிறுகதையை மறுபடி எடுத்துப் படித்தேன். தாத்தா என்ன குடித்தார் என்று கதையில் இல்லை. 'குடித்தார்' என்று மட்டும் ஒன்பது இடத்தில் இருக்கிறது. கள்ளா, சம்சுவா, கடன் சொல்லி வாங்கினாரா, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களா, எதுவும் இல்லை. அவர் என்ன சாப்பிட்டார் என்றும் இல்லை. எழுதியவருக்கு இதையெல்லாம் செய்தியாக அனுப்பினேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"எனக்கே தெரியாதுண்ணே. தாத்தாவப் பத்தி அப்பா பேசவே மாட்டாரு. பாட்டி இருக்காங்க, கூலிம்ல அத்தை வீட்டுல. இந்த ஞாயித்துக்கிழமை போய்க் கேக்குறேன்."